சர்க்கரை நோயைச் சாப்பாட்டால் திருப்ப முடியுமா? ஆய்வுகளை வைத்துப் பேசுவோம்

பவானிக்கரை (பவானி) எழுதியது:

எங்கள் பக்கம் இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் சர்க்கரைப் பேச்சுதான். ஒருவர் கொள்ளுத் தண்ணீர் என்பார், ஒருவர் வெந்தயம் என்பார், இன்னொருவர் அரிசியை விட்டு ராகிக்கு மாறினால் மாத்திரையே வேண்டாம் என்பார். சமீபத்தில் ஒரு கூட்டத்தில் பேச வந்தவர் "மாத்திரையைத் தூக்கி வீசுங்கள்" என்று மேடையிலேயே சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டு என் தாய்மாமா மறுநாளே நிறுத்திவிட்டார். சர்க்கரை எகிறி, நாக்கு வறண்டு, நடக்கவே தள்ளாடி, கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டார்.

அதற்காக அந்தப் பேச்சு முழுவதையும் பொய் என்று ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை. சாப்பாட்டை மாற்றினால் இரண்டாம் வகை நீரிழிவு அடங்கும் என்பதற்கு நல்ல ஆய்வுகள் உண்மையிலேயே இருக்கின்றன. வாசித்ததை இங்கே வைக்கிறேன். தெரிந்தவர்கள் சேர்த்துச் சொல்லுங்கள்.

முக்கியமானது டைரக்ட் என்ற ஆய்வு. நியூகாசிலில் ராய் டெய்லர், கிளாஸ்கோவில் மைக் லீன் இருவர் தலைமையில் நடந்தது. முதல் ஆண்டு முடிவு 2017 டிசம்பரில் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள், உடல் பருத்தவர்கள் என்று ஏறத்தாழ 300 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மீதிப் பேருக்கு முதல் நாளே சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டு, மூன்று முதல் ஐந்து மாதம் வரை ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்தார்கள், அதுவும் சூப்பாகவும் ஷேக்காகவும். பிறகு படிப்படியாகச் சாதாரணச் சாப்பாடு. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5க்குக் கீழே இருந்தது. வழக்கமான வைத்தியத்தில் இருந்தவர்களில் 4 சதவீதம். மாத்திரை இல்லாமல் இப்படி அடங்கியிருப்பதைத்தான் ரெமிஷன் என்கிறார்கள்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதிலுள்ள எடைக் கணக்கு. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ரெமிஷன். 10 முதல் 15 கிலோ என்றால் 57 சதவீதம், 5 முதல் 10 என்றால் 34, ஐந்துக்குள் என்றால் 7. எடை கூடியவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை.

ஏன் இப்படி என்பதற்கு டெய்லர் 2011ல் வெளியிட்ட சின்ன ஆய்வு ஒன்று விடை சொல்கிறது. 11 பேர், ஒரு நாளைக்கு 600 கலோரி, எட்டு வாரம். முதல் வாரத்திலேயே கல்லீரலில் இருந்த கொழுப்பு வேகமாக இறங்கி, வெறும் வயிற்றுச் சர்க்கரை சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. கணையத்தின் கொழுப்பு மெதுவாகக் குறைந்து, எட்டு வாரத்துக்குள் இன்சுலின் சுரப்பும் திரும்பியது. கல்லீரலிலும் கணையத்திலும் தேங்கிய கொழுப்பை வெளியேற்றினால், இன்னும் செத்துப்போகாத செல்கள் மறுபடி வேலை செய்கின்றன. அதனால்தான் நோய் புதிதாக வந்தவர்களுக்குப் பலன் அதிகம்.

டைரக்ட் ஆய்விலும் முதல் நாளே மாத்திரையை நிறுத்தினார்கள், மாமாவும் நிறுத்தினார். ஆனால் அங்கே சாப்பாடு 850 கலோரிக்கு இறங்கியது, பக்கத்தில் நர்ஸ் இருந்தார். மாமா வீட்டில் மூன்று வேளைச் சோறும் அப்படியே இருந்தது. மேடையில் பேசியவர் இந்தப் பாதியைச் சொல்லவே இல்லை.

தறிச்சத்தம் (சென்னிமலை) எழுதியது:

நல்ல விஷயமுங்க. ஒரு சந்தேகம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லாம் நூறு கிலோ ஆட்களாக இருப்பார்கள். எங்கள் பட்டறையில் சர்க்கரை இருக்கிறவர்கள் எல்லோருமே ஒட்டிய கன்னம்தான். எங்கள் அப்பாருக்கு 58 கிலோ. அவர் எதைக் குறைக்கிறது? 15 கிலோ குறைத்தால் ஆளே இருக்க மாட்டாருங்க.

பவானிக்கரை எழுதியது:

சரியான கேள்வி. அந்த ஆய்வில் சராசரி எடை நூறு கிலோவுக்குப் பக்கம்தான்.

ஒல்லியாகத் தெரிகிற நம் ஆட்களுக்கும் உள்ளே கொழுப்பு இருக்கும் என்பதைப் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் ரொம்ப காலமாகச் சொல்லி வருகிறார். 2004ல் லான்செட்டில் அவரும் லண்டனைச் சேர்ந்த யுட்கினும் சேர்ந்து நிற்கிற ஒரு படம் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) ஒன்றேதான், 22.3. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். அதனால்தான் நம் நாட்டு டாக்டர்கள் பி.எம்.ஐ. 23லேயே எடை அதிகம் என்கிறார்கள். இடுப்புச் சுற்றளவும் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது என்கிறார்கள்.

டெய்லர் குழுவே ஒல்லியானவர்களை வைத்து ரீட்யூன் என்ற ஆய்வும் செய்தது. பி.எம்.ஐ. 27க்குக் கீழே இருந்த 20 பேர், முடிவு 2023ல் வந்தது. 14 பேருக்கு ரெமிஷன். இருபது பேர்தான் என்பதால் இதை வைத்து ரொம்ப தூரம் போக முடியாது. ஆனாலும் அவரவர் உடம்பு தாங்குகிற கொழுப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதைத் தாண்டினால் ஒல்லி ஆளுக்கும் சர்க்கரை வரும் என்ற கருத்துக்கு இது வலு சேர்க்கிறது.

உங்கள் அப்பாரு விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்கிறேன். 58 கிலோ என்பது முன்பிருந்தே அவர் எடையா, அல்லது சமீபத்தில் இளைத்து வந்த எடையா என்று பாருங்கள். தானாக இளைக்கிறார் என்றால் பட்டினி போடவே கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமலும் இளைக்கும், இன்சுலின் சுரப்பே போயிருந்தாலும் இளைக்கும். உடம்பு இன்சுலின் சுரக்கிறதா என்று காட்டுகிற சி-பெப்டைடு என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலின் சுரக்காத முதல் வகை நோயாளிக்கு இந்த இழையில் பேசுகிற எதுவும் இன்சுலினுக்கு மாற்று ஆகாது.

மானாவாரி (தாராபுரம்) எழுதியது:

எனக்கு எழுபது தாண்டியாச்சு. நான் பையனாக இருந்தபோது தோட்டத்தில் அரிசிச் சோறு என்பது நோம்பிக்கும் ஒறம்பரை வந்தாலும்தான். மற்ற நாளெல்லாம் கம்மஞ்சோறு, சோளச்சோறு, ராகிக் களி, கொள்ளுப் பருப்பு, தொட்டுக்கொள்ளக் கீரை. எங்கள் சாளையில் யாருக்கும் சர்க்கரை என்று கேள்விப்பட்டதே இல்லை. வெள்ளைக்காரன் சூப்பெல்லாம் நமக்கு எதற்கு? பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் போதுமுங்க.

அளவுக்கரண்டி (கோவை) எழுதியது:

ஐயா, உங்கள் சாப்பாட்டு மேல் எனக்கும் பிரியம் உண்டுங்க. நான் உணவியல் ஆலோசகர், தினமும் இதுதான் வேலை. அதனால் ஒன்றை விரிவாகச் சொல்கிறேன்.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். சோற்றை விட்டு முழுக்கக் களிக்கு மாறிவிட்டார், ஆனாலும் சாப்பிட்ட பிறகு பார்க்கிற சர்க்கரை 260க்குக் கீழே இறங்கவில்லை. மாத்திரைதான் சரியில்லை என்று அவருக்கு வருத்தம். மதியத்துக்குச் சாப்பிடுகிற களியை அப்படியே கொண்டுவாருங்கள் என்றேன். தூக்குப்போசியில் இரண்டு உருண்டை வந்தது, ஒவ்வொன்றும் தேங்காய் மூடி அளவு. எவ்வளவு மாவு போடுவீர்கள் என்று அவர் வீட்டம்மாவிடம் கேட்டு, அதே டம்ளரில் ராகி மாவை அளந்து தராசில் வைத்தோம். 200 கிராமுக்குப் பக்கம். கூடவே களி கட்டியாக இருக்க ஒரு பிடி அரிசிக் குருணை. முன்பு அவர் சாப்பிட்டதோ 150 கிராம் அரிசியில் ஆக்கிய சோறு. 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து, ராகியில் 67 முதல் 72. கூட்டிப் பாருங்கள். முன்பு வேளைக்கு 117 கிராம் மாவுச்சத்து போனது, இப்போது 135க்கு மேல். ராகிக்கு மாறியதில் கூடித்தான் போயிருக்கிறது! அந்த அம்மா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர் உருண்டையாகக் குறைத்து, அதையும் சின்னதாக்கினோம். குறைத்த களிக்கு ஈடாகக் கொள்ளு மசியலும் முருங்கைக்கீரைப் பொரியலும். கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, நம் ஊர்ப் பருப்புகளிலேயே இது நல்ல சரக்கு. அப்புறம்தான் எண்கள் இறங்கின.

சிறுதானியத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஹைதராபாத்தில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையம் 2021ல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், சிறுதானியம் சாப்பிட்ட நீரிழிவுக்காரர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை 12 சதவீதமும் சாப்பாட்டுக்குப் பிந்தையது 15 சதவீதமும் குறைந்திருந்தது. ஆனால் மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் வேகமாகச் செரித்துச் சர்க்கரையும் வேகமாக ஏறும். கம்பை உடைத்து வேகவைத்த சோறு கூழைவிடத் தேவலை. அளவுதான் முதல் கேள்வி, தானியத்தின் பெயர் அதற்கு அடுத்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வுக் குழு 2022ல் 18,090 பேரின் சாப்பாட்டுக் கணக்கை வைத்து ஒரு மதிப்பீடு வெளியிட்டது. நோய் புதிதாகக் கண்டவர்களுக்கு ரெமிஷன் வேண்டுமானால் மாவுச்சத்திலிருந்து வருகிற கலோரி 49 முதல் 54 சதவீதமாக இறங்க வேண்டும், புரதம் 19, 20 சதவீதத்துக்கு ஏற வேண்டும் என்றார்கள். ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை இல்லை, கணக்கு மாதிரிதான். ஆனால் நம் ஆட்களின் தட்டை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் நான் மதிக்கிறேன்.

நாட்டுச் சர்க்கரையையும் சொல்லிவிடுகிறேன். கவுந்தப்பாடிச் சர்க்கரை மணமானது, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே போகிறது. ஆனாலும் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். "வெள்ளைச் சர்க்கரை இல்லை, நாட்டுச் சர்க்கரைதான் போட்டேன்" என்று காபி குடித்தால் ரத்தத்தில் ஏறுவதில் பெரிய வித்தியாசம் இருக்காது.

மானாவாரி எழுதியது:

அம்மிணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அன்றைக்கு இரண்டு உருண்டை தின்றுவிட்டுப் பொழுதோட வரைக்கும் மாடு பூட்டிக் கவலை இறைத்தோம், களை எடுத்தோம். இப்போது சுவிட்சைப் போட்டால் தண்ணீர் வருகிறது. உருண்டை மட்டும் அதே அளவு.

கொப்பரைக்களம் (காங்கேயம்) எழுதியது:

சாப்பாடு பற்றிப் பேசும்போது எண்ணெயையும் பேசுங்க. எங்கள் ஊர்ப் பிழைப்பே கொப்பரைக் களமும் எண்ணெய் மில்லும்தான். தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று ஒரு வீடியோ, விஷம் என்று ஒரு வீடியோ. எதைத்தான் நம்புவது?

பவானிக்கரை எழுதியது:

இரண்டுமே அதிகப்படி, அண்ணா. 2020ல் சர்குலேஷன் இதழில் 16 சோதனைகளைச் சேர்த்து ஒரு கணக்கு வந்தது. கடலை, சூரியகாந்தி போன்ற மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பை 10 புள்ளி அளவுக்கு ஏற்றுகிறது. எச்.டி.எல். என்கிற நல்ல கொழுப்பையும் 4 புள்ளி ஏற்றுகிறது. இன்னொரு பக்கம், கொச்சியில் இதய நோயாளிகள் 200 பேரிடம் இரண்டு வருடம் தேங்காய் எண்ணெயையும் சூரியகாந்தி எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்து 2016ல் வெளியிட்டார்கள். பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அவர்கள் இதய மருந்துகளும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்.

எல்.டி.எல். ஏற்கனவே அதிகம் இருப்பவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் தினசரித் தாளிப்புக்குக் கடலெண்ணெய், நல்லெண்ணெய் பக்கம் போவது நல்லது என்பது என் முடிவு. மற்றவர்கள் சந்தகைக்குத் தேங்காய்ப் பால் ஊற்றிக்கொள்வதில் குற்றம் இல்லை.

முட்டைத்தட்டு (நாமக்கல்) எழுதியது:

நான் பேலியோ ஆள். முட்டை, கறி, காய், பாதாம், அவ்வளவுதான். அரிசி, சிறுதானியம் இரண்டும் கிடையாது. எச்பிஏ1சி 9.1லிருந்து 6.2க்கு வந்தது, டாக்டரே இரண்டு மாத்திரையை ஒன்றாக்கினார். 46 சதவீதம், 86 சதவீதம் என்று சூப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள், மாவுச்சத்தை நிறுத்துவதைப் பற்றி ஏன் பேசவில்லை? எனக்குள்ள ஒரே கவலை, எல்.டி.எல். 190 ஆகிவிட்டது. குழுவில் கேட்டால் அது பிரச்சனையே இல்லை என்கிறார்கள்.

அளவுக்கரண்டி எழுதியது:

தம்பி, எச்பிஏ1சி இறங்கியது உண்மையான பலன், சந்தேகமே இல்லை. மாவுச்சத்துக் குறைப்புக்கும் ஆய்வு இருக்கிறது. 2021ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் 23 சோதனைகளைத் தொகுத்தார்கள். ஆறு மாதத்தில் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே வந்தவர்கள் மாவுச்சத்தைக் குறைத்தவர்களில் 57 சதவீதம், மற்ற உணவுமுறைக்காரர்களில் 31 சதவீதம். ஒரு வருடம் ஆகும்போது அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது, பெரும்பாலும் ஆட்கள் பழைய தட்டுக்குத் திரும்புவதால். கடைசி வரை பிடித்துக்கொண்டு போக முடிகிற முறை எதுவோ அதுதான் உங்களுக்கு.

ஆனால் 190 என்பதை விடக் கூடாது. சர்க்கரை இருப்பவரைக் கடைசியில் வீழ்த்துவது பெரும்பாலும் மாரடைப்பும் பக்கவாதமும்தான். எல்.டி.எல். ரத்தக் குழாயில் படிவது எத்தனையோ வழிகளில் நிரூபணம் ஆன விஷயம், குழுவில் ஓட்டெடுத்து முடிவு செய்கிற காரியம் இல்லை. கறிக்கொழுப்பு, வெண்ணெய், நெய்யைக் குறைத்து மீன், கடலை, கொள்ளு, காய் பக்கம் சாய்ந்து மூன்று மாதத்தில் மறுபடி பாருங்கள். இறங்கவில்லை என்றால் டாக்டர் ஸ்டாடின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) எழுதினால் மறுக்காதீர்கள்.

மாத்திரைக்கடை (கோபி) எழுதியது:

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். சாப்பாட்டைக் குறைப்பது என்று முடிவு செய்த அன்றைக்கே உங்கள் சீட்டில் என்ன மாத்திரை என்று பாருங்கள். எல்லாச் சர்க்கரை மாத்திரையும் ஒன்று கிடையாது.

மெட்பார்மின் மட்டும் என்றால் சாப்பாடு குறைந்ததால் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிப்பிசைடு, கிளிக்ளசைடு இருந்தால் கதை வேறு. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை கணையத்திலிருந்து இன்சுலினைப் பிழிந்து வெளியே தள்ளும். நம் பக்கம் கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரைதான் ரொம்பப் பேருக்கு. காலையில் அதைப் போட்டுவிட்டு டயட் என்று சொல்லி இட்லியை விட்டால் பத்து மணிக்கு வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே ஆபத்து.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இப்போது நிறைய ஓடுகின்றன. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுகிற வகை. இதைப் போட்டுக்கொண்டே மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம், அதுவும் மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் காத்திருக்கக் கூடாது. நாமக்கல் தம்பி, உங்கள் சீட்டில் இது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். எடை இறங்கும்போது பிரஷரும் இறங்கும், பழைய அளவையே போட்டால் எழுந்திருக்கும்போது தலை சுற்றும். டைரக்ட் ஆய்வில் முதல் நாளே அதையும் நிறுத்தியது சும்மா இல்லை. குறைக்க வேண்டியதுதான், எழுதிக் கொடுத்தவர் குறைக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறவர்களிடம் சொன்னாலும் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரைப் பார்க்க வழி சொல்வார்கள்.

ஒன்றரை ஷிப்ட் (திருப்பூர்) எழுதியது:

எல்லாம் படித்தேன். பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை எனக்கு. ஆர்டர் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட், சில வாரம் முழு ராத்திரி. நடுராத்திரி டீயும் பன்னும், விடிகாலையில் புரோட்டா. சர்க்கரை வந்து ஒரு வருடம் ஆகிறது. நேரத்துக்குச் சாப்பிடு, நட, தூங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னைப் போன்றவனுக்கு ஆய்வில் ஏதாவது இருக்கிறதா?

அளவுக்கரண்டி எழுதியது:

இருக்கிறது தம்பி. 2021ல் பாஸ்டனில் 19 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்து ராத்திரி வேலை மாதிரியே வாழ வைத்தார்கள். ராத்திரியிலும் சாப்பிட்டவர்களுக்குச் சராசரிச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. ராத்திரி வேலை பார்த்தும் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. நோயில்லாத இளவயதினர், சில நாள் சோதனை, அதை மறக்கக் கூடாது. ஆனால் வழி தெரிகிறது. வேலைக்குக் கிளம்பும் முன் நன்றாகச் சாப்பிடுங்கள், நடுராத்திரியில் பன்னும் புரோட்டாவும் வேண்டாம். பசித்தால் அவித்த கடலை, சுண்டல், ஒரு முட்டை. டீயில் சர்க்கரை வேண்டாம்.

நடைக்கு நேரமில்லை என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். 2016ல் நியூசிலாந்தில் இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்கள் 41 பேரிடம் பார்த்தார்கள். தினமும் ஒரே நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் 22 சதவீதம். கம்பெனிக் காம்பவுண்டுக்குள் பத்து நிமிடம் போதும்.

ஆனால் உங்கள் சீட்டில் கிளிமிபிரைடு இருந்தால், ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தும் முன் கோபி அண்ணா சொன்னதை மறுபடி படித்துவிடுங்கள்.

மல்லிகைப்பந்தல் (உடுமலை) எழுதியது:

பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். சர்க்கரையோடு நிற்காமல் இதயத்தையும் பிரஷரையும் சேர்க்கலாமே. 1990ல் அமெரிக்காவில் டீன் ஆர்னிஷ் லான்செட்டில் வெளியிட்ட ஆய்வை எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். கொழுப்பு மிகக் குறைந்த சைவச் சாப்பாடு, நடை, தியானம், புகை நிறுத்தம், குழுவாகக் கூடிப் பேசுவது எல்லாம் சேர்த்து ஒரு வருடம். இதயக் குழாய் அடைப்பு சராசரியாக 40 சதவீதத்திலிருந்து 37.8க்கு இறங்கியது. மற்றவர்களுக்கு 42.7லிருந்து 46.1க்கு ஏறியது. ஸ்டாடின் இல்லாமல் அடைப்பு கொஞ்சமாவது பின்வாங்கியது என்பது அந்தக் காலத்தில் பெரிய சேதி. ஆனால் கலந்துகொண்டவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ததால் பலன் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. "சைவம் அடைப்பைக் கரைக்கும்" என்று போஸ்டர் போடுகிறவர்கள் அந்த 2.2 புள்ளியையும் போட வேண்டும்.

பிரஷருக்கு இதைவிட வலுவான சான்று உப்பில்தான். சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம், சாதாரண உப்புக்குப் பதில் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021ல் முடிவு வந்தது, பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. இங்கே எல்லோரும் இந்துப்புக்கு மாறுகிறார்கள், என் மாமியாரும்தான். அதுவும் கிட்டத்தட்ட முழுக்கச் சோடியம் குளோரைடுதான், அயோடின் வேறு சேர்க்காமல் வருகிறது. பிரஷருக்கு அதில் லாபம் இல்லை என்று சொன்னால் வீட்டில் சண்டை வருகிறது.

மாத்திரைக்கடை எழுதியது:

டீச்சர், பொட்டாசியம் உப்பில் ஒரு எச்சரிக்கை சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதானவர்கள் அதைத் தொடக் கூடாது. டெல்மிசார்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தாறுமாறாகும். எல்லோருக்கும் பொருந்துகிற வழி உப்பின் மொத்த அளவைக் குறைப்பது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது. ஊறுகாய், அப்பளம், மிக்சர் மூன்றையும் விட்டாலே பாதி வேலை முடியும்.

தறிச்சத்தம் எழுதியது:

அப்பாருக்கு சி-பெப்டைடு எழுதி வாங்கிவிட்டோம், முடிவு வரட்டும். பவானி அண்ணா, இன்னொரு கேள்வி. ஒரு வருடம் சரி. அப்புறம்? அந்த 46 சதவீதம் பேரும் இப்போது எப்படி இருக்கிறார்கள்?

பவானிக்கரை எழுதியது:

இதைத்தான் யாரும் மேடையில் சொல்வதில்லை. இரண்டாம் வருட முடிவில் 46 என்பது 36 ஆனது. ஐந்து வருடம் வரை தொடர்ந்து ஆதரவு கொடுக்கப்பட்ட 85 பேரில் கடைசியில் ரெமிஷனில் இருந்தவர்கள் 13 சதவீதம். எடை திரும்ப வந்தவர்களுக்குச் சர்க்கரையும் திரும்ப வந்தது. உடம்பு பழைய எடைக்கே இழுக்கும், பசி கூடும், இது நோயாளியின் சோம்பல் இல்லை. ஒரு தடவை குணமானதும் பரிசோதனையை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ரெமிஷனில் இருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது எச்பிஏ1சி, கண், சிறுநீரகம், பாதம் பார்த்தே ஆக வேண்டும்.

சாப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் எடையைக் குறைத்துப் பார்க்கிற லுக் அஹெட் என்ற ஆய்வு அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகள் 5,145 பேரை வைத்துக் கிட்டத்தட்ட பத்து வருடம் நடந்தது. எடை குறைந்தது, மாத்திரை குறைந்தது, நடக்கிற தெம்பு கூடியது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை என்று 2012ல் நிறுத்திவிட்டார்கள். வாழ்க்கை முறையை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிற நான் இதைப் படித்து ரொம்ப நாள் சங்கடப்பட்டேன்.

சீனாவின் டாசிங் ஆய்வு எனக்குத் தெம்பு தந்தது. 1986ல் சர்க்கரை எல்லையில், அதாவது நோய்க்கு முந்தைய நிலையில், இருந்த 577 பேரில் ஆரம்பித்தது. ஆறு வருடம் மட்டும்தான் சாப்பாடு, உடற்பயிற்சி ஆலோசனை. முப்பது வருடம் கழித்துப் பார்த்தால் ஆலோசனை பெற்றவர்களுக்கு நோய் சராசரியாக நான்கு வருடம் தள்ளி வந்திருக்கிறது, இதய நோய்களும் 26 சதவீதம் குறைவு. நம் சென்னையிலேயே டாக்டர் ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் செய்து 2006ல் வெளியிட்டது. மூன்று வருடத்தில் ஆலோசனை பெறாதவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது, பெற்றவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு. அதிலும் எடை பெரிதாகக் குறையவில்லை, சாப்பாட்டையும் நடையையும் கொஞ்சம் திருத்தியதற்கே இவ்வளவு பலன். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, மக்களில் 15.3 சதவீதம் பேர் எல்லையில் நிற்கிறார்கள் என்று இண்டியாப் 2023ல் சொன்னது. நான் மாமாவுக்காக வாசிக்க ஆரம்பித்தேன், இப்போது மாமா மகனின் எச்பிஏ1சி 5.9 என்றதும் அவனைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறேன். மாமாவைவிட அவனுக்கு வழி சுலபம்.

ஒன்றரை ஷிப்ட் எழுதியது:

என் சீட்டில் கிளிமிபிரைடு இருக்கிறது அண்ணா. அடுத்த வாரம் டாக்டரைப் பார்த்து, சாப்பாட்டைக் குறைக்கப் போகிறேன், மாத்திரையை எப்படிக் குறைப்பது என்று கேட்கிறேன். அதுவரைக்கும் ராத்திரி வேலையில் சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது? கட்டிங் மெஷினில் கை வைத்திருப்பேன்.

மாத்திரைக்கடை எழுதியது:

டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் எந்த வேளைச் சாப்பாட்டையும் விடாதீர்கள் தம்பி. வேர்த்தாலோ, கை நடுங்கினாலோ, கண் மங்கினாலோ முதலில் மெஷினை நிறுத்திவிட்டு உட்காருங்கள். மீட்டர் இருந்தால் பாருங்கள். 70க்குக் கீழே என்றால், மீட்டர் இல்லாவிட்டால் பார்க்காமலேயே, 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். அது இல்லை என்றால் சர்க்கரை மூன்று டீஸ்பூன். பாலும் பிஸ்கட்டும் சாக்லேட்டும் அந்த நேரத்துக்கு உதவாது, கொழுப்பு கலந்தால் ஏறுவது தாமதமாகும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிட்டுக்கொள்ளுங்கள், கிளிமிபிரைடு சில மணி நேரம் கழித்து மறுபடி இறக்கும். அன்றைக்கு மெஷின் பக்கம் போகாதீர்கள். பக்கத்து டேபிள்காரரிடம் சொல்லி வையுங்கள்: நீங்கள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108க்கு அடிக்க வேண்டும்.